இருபதாவது வாரத்தில் ஒரு ‘ஷீ’

எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணால் பார்க்க வருவதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு வருகிறார்கள். திரையில் தெரியும் சாம்பல் நிறக் கலங்கல் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் எங்கள் வாயையும் முகத்தையும் படிப்பார்கள். டாக்டர் சிரித்தாரா, இருமினாரா, நான் ரிப்போர்ட் கவரை எந்தக் கையால் நீட்டினேன் என்பதில்கூட ஏதோ சேதி இருப்பதாக நினைப்பு.

நான் சுப்ரியா. முன் கவுண்டரில் உட்கார்ந்து எஃப் ஃபாரம் நிரப்புகிறவள். கர்ப்பிணி யாராக இருந்தாலும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை என்று அதில் ஒரு வரி இருக்கும். எல்லோரும் போடுவார்கள். மை காய்வதற்குள் கேட்பார்கள். லட்டு வாங்கலாமா ஜிலேபி வாங்கலாமா என்பார் ஒருவர். ரூமுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்பார் இன்னொருவர். ஒரு ஆள் என் மேசைமேல் நீலப் பேனா ஒன்றும் சிவப்புப் பேனா ஒன்றும் வைத்து, “நீங்க எத எடுப்பீங்க சிஸ்டர்?” என்று கேட்டார். நான் பென்சிலை எடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள்.

தமிழிலும் கன்னடத்திலும் எங்களுக்குப் பயமே கிடையாது. ‘குழந்தை நல்லா இருக்கு’, ‘மகு சென்னாகிதே’ என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடலாம். இங்கிலீஷில்தான் வம்பு. இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் ஹீயா ஷீயா என்று முடிவு செய்தாகவேண்டும். அதனால் எங்கள் டாக்டர் பத்ரிநாத், சென்டர் திறந்த நாளிலேயே ஒரு சட்டம் போட்டார். இட். இட்டைத் தவிர வேறு எதுவும் வாயில் வரக்கூடாது. ஒருமுறை ஒரு அப்பா, என் குழந்தை என்ன மேசையா நாற்காலியா என்று சண்டைக்கு வந்தார். அவர் போன பிறகு டாக்டர் எங்களிடம், “திட்டிட்டுப் போகட்டும். திட்டினா யாரும் ஜெயிலுக்குப் போறதில்ல” என்றார். வாய் தவறினால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகள் வந்து மெஷினுக்கு சீல் வைப்பார்கள். அது டாக்டரின் பயம். வயிற்றில் இருக்கிற பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது தனி.

இந்தச் சட்டத்தை எங்களில் யார் மீறினாலும் ஆஞ்சலாக்கா மீறமாட்டார் என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

ஆஞ்சலாக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு நீலசந்திராவில். வீட்டுக்காரர் கிளிஃபர்ட் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஒரே மகன் லாயிட் துபாயில். எங்கள் சென்டரில் பத்தொன்பது வருஷமாக ரிப்போர்ட் டைப் செய்கிறார். டாக்டர் ஸ்கேன் ரூமில் மைக்கில் பேசுவார். அக்கா பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டுவார். திரையைப் பார்த்ததே இல்லை. அந்த அறையில் திரையே கிடையாது. டாக்டரின் இங்கிலீஷில் ஓட்டை இருந்தால் கேட்காமலே அடைத்துவிடுவார். ஒரு நாளைக்கு நாற்பது ரிப்போர்ட், ஒரு தப்பு கிடையாது. எங்களில் யாராவது பொட்டு இல்லாமல், தலை வாராமல் வந்தால் அவருக்குப் பொறுக்காது. தான் பொட்டு வைக்காதவர் என்பதை அப்போது மறந்துவிடுவார். நடையில் ஒரு அவசரம் எப்போதும் இருக்கும், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி.

வீணாவும் அவள் புருஷன் பிரகாஷும் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எலெக்ட்ரானிக் சிட்டியில் இரண்டு பேருக்கும் வேலை. இருபதாவது வாரம். குழந்தையின் உறுப்பு ஒவ்வொன்றையும் பார்க்கும் பெரிய ஸ்கேன். ஃபாரத்தில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளின் விவரம் எழுத ஒரு கட்டம் உண்டு. ‘பெண், மூன்று வயது’ என்று நான் எழுதினேன். நான் எழுதுவதைப் பிரகாஷ் பார்த்துக்கொண்டே நின்றான். நல்ல மரியாதையான பையன். எல்லோருக்கும் தேங்க்ஸ் சொன்னான், தண்ணீர் கேன் மாற்ற வந்தவருக்குக்கூட.

உள்ளே குழந்தை குப்புறச் சுருண்டு படுத்திருந்தது. இதயம் தெரியவில்லை. இது அடிக்கடி நடப்பதுதான். தாயைக் கொஞ்சம் ஜூஸ் குடித்துவிட்டு நடக்கச் சொல்வோம், குழந்தை புரண்டுவிடும். டாக்டர் அதை இன்டர்காமில் சொன்னபோது என் கவுண்டரில் ஆறு பேர் நின்றார்கள். அதனால் ஆஞ்சலாக்காவே எழுந்து வெளியே வந்தார். ஸ்கேன் ரூமிலிருந்து வந்த வீணா வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிரகாஷ் எழுந்து, ஏதாவது பிரச்சினையா என்று இங்கிலீஷில் கேட்டான். அக்காவும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார்.

“நோ ப்ராப்ளம் சார். ஷீ இஸ் ஸ்லீப்பிங் ஆன் ஹர் ஸ்டமக். சம் ஜூஸ், சம் வாக்கிங். ஷீ வில் டர்ன்.”

என் பேனா நின்றது. பிரகாஷின் முகத்தில் அந்த மரியாதைச் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது.

“ஷீ?” என்றான்.

“ஐ மீன் இட், சார். இட். இட் வில் டர்ன்.”

முதலில் சொன்னதைக்கூட விட்டிருப்பார்கள். திருத்தியதுதான் எங்களைக் கவிழ்த்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் யார் இப்படிப் பதறித் திருத்துவார்கள்?

வீணா மெல்ல எழுந்தாள். “ஆன்ட்டி, நீங்க சும்மா சொன்னீங்களா?”

“மேடம், நான் டைப் பண்றவ. ஸ்க்ரீனையே பார்க்கறதில்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வதும் அதைத்தானே. பிரகாஷ் தலையை ஆட்டி, “இட்ஸ் ஓகே” என்றான். ஜூஸ் வாங்கப் போனான். இருபது நிமிஷம் அவள் வராந்தாவில் நடந்தாள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான். குழந்தை பாதிதான் திரும்பியது. இதயத்தின் ஒரு பக்கம் இன்னும் சரியாகத் தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் தேதி குறித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஆஞ்சலாக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவார். என் மேசைமேல் இருக்கும் அப்பாயின்ட்மென்ட் நோட்டைத் திறப்பார். அந்தத் தேதியைப் பார்ப்பார். மூடுவார். மதியம் மறுபடி வருவார். வாரக் கணக்குப் பார்க்க எங்களிடம் ஒரு அட்டைச் சக்கரம் உண்டு. கடைசி மாதவிலக்குத் தேதியில் அம்புக்குறியை வைத்தால் இன்றைக்கு எத்தனை வாரம் என்று காட்டும். அதை வீணாவின் தேதியில் வைத்துத் தன் கீபோர்டு பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். காலையில் வந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

“அக்கா, அது தானா சுத்தாது” என்றேன்.

“இருபத்தி நாலு தாண்டட்டும் சுப்ரியா. அதுக்கு மேல எந்த டாக்டரும் லேசுல கலைக்க ஒத்துக்கமாட்டாங்க. தாண்டிச்சுன்னா எனக்குச் சோறு இறங்கும்.”

பத்தொன்பது வருஷத்தில் இல்லாத தப்புகள் வந்தன. ஒருத்தியின் இடது சிறுநீரகத்தை வலதாக்கினார். ஒரு ஆணின் வயிற்று ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை நார்மல் என்று அடித்துவிட்டார். நான் கவரில் போடும்போது பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். சிரிக்கவேண்டிய விஷயம். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நான்காவது நாள் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். நானும் கூட நின்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“பேஷண்ட் முன்னாடியா?”

“ஆமா டாக்டர்.”

“அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? மெஷினுக்கு சீல். எனக்குக் கேஸ்.”

“அது அப்புறம் டாக்டர். நீங்க அவங்களைக் கூப்பிட்டு, டைப் பண்றவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க.”

“சொன்னா நம்புவாங்களா? நான் கூப்பிட்டுச் சொன்னா இன்னும் கன்ஃபர்ம் ஆயிடும்.”

“அப்ப பையன்னா பையன்னாவது…”

“ஆஞ்சலா.” டாக்டர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். “அதைச் சொல்றதும் அதே குத்தம்தான். வெளியில போங்க.”

அக்கா போகவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி, காலண்டரில் இல்லாத எதையோ தேடினார். வெளியே வந்ததும் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

“இத்தனை வருஷமா யாரைப் பார்த்துச் சிரிச்சேனோ, அவங்களை மாதிரியே நின்னேன்டி. அவர் மூஞ்சிய இப்படித் திருப்பினாரே, அது பொண்ணா, பையனான்னு பார்த்துட்டு நிக்கறேன். வெக்கமா இருக்கு.”

இதில் உள்ள கொடுமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. விழுந்த சொல்லை எடுக்க வழியே இல்லை. இல்லை என்று சொன்னால் ஆமாம் என்று ஆகும். சும்மா இருந்தாலும் ஆமாம்தான். உண்மையைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறந்தால் ஜெயில். எனக்குச் சட்டத்தின்மேல் கோபம் இல்லை. அந்தச் சட்டத்தைத் தேவையாக்கி வைத்திருக்கிற நம் ஜனங்கள்மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு வாரம் ஆயிற்று. வீணா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்கா என்னை போன் போடச் சொன்னார். பிரகாஷ் எடுத்தான். “நாங்க வேற இடத்துல பாத்துக்கறோம் சிஸ்டர். தேங்க்ஸ்” என்று வைத்துவிட்டான். அடுத்த நாள் அக்காவே தன் நம்பரிலிருந்து போட்டார். மணி அடித்து நின்றது.

சக்கரம் இருபத்து மூன்றைக் காட்டிய சனிக்கிழமை, அக்கா என் கவுண்டருக்கு வந்து, “அட்ரஸ் குடு” என்றார்.

ஃபாரத்தில் உள்ளதை வெளியில் கொடுப்பது தப்பு. தெரிந்தேதான் எழுதிக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமை கூடவும் போனேன். அக்கா காலைப் பூசை முடித்து நேராக வந்தார். ஆடுகோடியில் சந்தாபுரா பஸ் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமையிலும் சில்க் போர்டு சிக்னலில் பஸ் நகரவில்லை. அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, எத்தனையோ பேர்கிட்ட இட்டு இட்டுன்னு பேசியிருக்கீங்க. அன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?”

“அன்னிக்கு மட்டும் இல்ல. என் வாயில எப்பவும் ஷீதான் வரும். பல்லைக் கடிச்சு மாத்திக்குவேன். அன்னிக்குக் கடிக்க மறந்துட்டேன்.”

பிறகு சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் அவர் வேலை பார்த்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு குழந்தைகள் இல்லத்தில். இப்போது அது இல்லை, மூடிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு தூளி தொங்கும். அதில் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளை எடுத்து வளர்க்கிற இடம். தலைமைச் சகோதரி கோவாக்காரர், தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் போட்டு, அன்றன்றைக்கு நடந்ததை இங்கிலீஷில் எழுதி வைக்கவேண்டும். இவள் அறுபது மில்லி பால் குடித்தாள். இவளுக்கு வயிறு போகிறது. இவள் இன்றைக்கு முதல்முறை சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷெல்லாம் பரீட்சையோடு போயிற்று. வாயில் ஒட்டிய இங்கிலீஷ் அந்த நோட்டில் எழுதியதுதான்.

“எல்லாருமே பொண்ணுங்களா?” என்றேன்.

“எட்டு வருஷத்துல நாலு பசங்க வந்தாங்க. ஒருத்தனுக்கு உதடு பிளந்திருந்துச்சு. ரெண்டு பேருக்குக் கால் சரியில்ல. நாலாவது ஒருத்தனைத் தப்பா விட்டுட்டோம்னு மறுநாளே அழுதுட்டு வந்து தூக்கிட்டுப் போய்ட்டாங்க. மத்ததெல்லாம் ஷீதான்டி.”

பஸ் மேம்பாலத்தில் ஏறாமல் கீழேயே ஊர்ந்தது.

அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி எங்கள் பேரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு மேலே கூப்பிட்டார். பிரகாஷ் எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவான் என்று நான் பயந்தேன். எடுத்தது வீணா. பத்து நிமிஷத்தில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். துப்பட்டாவுக்குக் கீழே வயிறு தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஆஞ்சலாக்கா பக்கத்தில் இருந்த பூந்தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“பயந்துட்டீங்களா ஆன்ட்டி?” என்றாள் வீணா.

“தினம் பயந்தேம்மா.”

வீணா மகளை ஊஞ்சல் பக்கம் அனுப்பினாள். “சோனியா, அங்கயே இரு, நான் பாக்கற மாதிரி” என்றாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள்.

“அவர் கேட்டார் ஆன்ட்டி. ஒரே ஒரு தடவ. கத்தல, கைய ஓங்கல. டீ போட்டுக் குடுத்தார். குடிச்சு முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அப்புறம், ‘யோசிச்சுப் பாரேன் வீணா, ஒரு டாக்டர் இருக்காராம்’னார்.”

அந்த மரியாதைச் சிரிப்போடுதான் கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

“நான் சோனியாவைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய்ட்டேன். ஒன்பது நாள். இவ வேணாம்னா நாங்க மூணு பேருமே வேணாம்னு மெசேஜ் போட்டேன். பத்தாவது நாள் வந்து கூட்டிட்டு வந்தார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல. மாமியார் லட்சுமம்மாதான் இன்னும் என்கூடப் பேசறதில்ல. பேசாட்டிப் போகட்டும். உங்க சென்டருக்கு வர அவருக்குக் கூச்சம். அதான் வேற இடத்துல பாத்தோம். ஹார்ட் நல்லா இருக்கு.”

ஆஞ்சலாக்கா எழுந்து நின்றார். பேச வந்ததைப் பேசிவிடவேண்டும் என்ற வேகம் முகத்தில் இருந்தது. “நான் ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு நான் சொன்னது தெரிஞ்சு சொன்னதில்ல.” குழந்தைகள் இல்லத்தையும் நோட்டையும் கோவா சகோதரியையும் ஒரே மூச்சில் சொன்னார். “சத்தியமா எனக்குத் தெரியாது. பொண்ணாவும் இருக்கலாம், பையனாவும் இருக்கலாம். இதை உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன். வரச் சொல்லு.”

வீணா ஊஞ்சல் பக்கம் பார்த்தாள். கை வயிற்றின்மேல் போனது.

“வேணாம் ஆன்ட்டி.”

“ஏம்மா?”

“இப்பதான் வீடு அடங்கியிருக்கு. பையனா இருக்கலாம்னு சொன்னா அவருக்கு மறுபடி ஆசை வந்துடும். அந்த ஆசையோட நாலு மாசம் இருப்பார். அப்புறம் பொறக்கறப்போ பொண்ணா இருந்தா, அவர் மூஞ்சி மறுபடி விழும். இவ இந்த வீட்டுல ஒரு தடவ பொண்ணுன்னு தெரிஞ்சது போதும். ரெண்டாவது தடவ வேணாம்.”

குற்றத்தை இறக்கி வைக்க வந்தவரிடம், வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண். திரும்பி வந்து ஆடுகோடியில் இறங்கும்போது அக்கா, “பொய்யை விட்டுட்டு வந்தேனா, நல்லது பண்ணிட்டு வந்தேனா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அது நிஜம்.

இருபத்து நாலு தாண்டியது. முப்பது தாண்டியது. சோறு இறங்கியதா என்றால், பாதிதான் இறங்கியது. உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் அக்கா சக்கரத்தைக் கீபோர்டு பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. ஞாயிறு பூசையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, “அந்தப் பொண்ணு நல்லபடியா வரணும்” என்றுதான் கேட்பாராம். அக்காவின் வாயிலும் அது பெண்தான் என்று ஆகிவிட்டது. என் வாயிலும்தான். ‘வீணா பொண்ணு எத்தனை வாரம்’ என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, கூட்டம் நிரம்பி வழிகிற நேரத்தில், பிரகாஷ் உள்ளே வந்தான். இரண்டு கையிலும் ஸ்வீட் பெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக. பின்னால் வீணா, தோளில் குழந்தை. ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்டுவிட்டு வருகிறார்களாம். சோனியா அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“பையன் சிஸ்டர்” என்றான் பிரகாஷ். காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

டாக்டரே வெளியே வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் முகம் அவ்வளவு லேசாகி நான் பார்த்ததில்லை. அவருக்கு அது பையன் மட்டும் இல்லை, சாட்சி. எங்கள் ஆள் தெரிந்து சொல்லவில்லை என்பதற்கு நாலரை கிலோவில் ஒரு சாட்சி. அக்காவிடம் திரும்பித் தாழ்ந்த குரலில், “தப்பிச்சோம் ஆஞ்சலா” என்றார்.

“நல்லா ஏமாத்திட்டீங்க ஆன்ட்டி” என்று சிரித்தான் பிரகாஷ். “நாலு மாசம். என்ன பாடு பட்டோம் தெரியுமா?” பெட்டியைத் திறந்து லட்டு எடுத்து அக்கா கையில் வைத்தான். எனக்கும் நீட்டினான்.

“மொதல் பொண்ணுக்கும் இதே மாதிரி நாலு கிலோ வாங்கினீங்களா சார்?” என்றேன். என் வாய் அப்படி.

அவன் கோபிக்கவில்லை. “அப்ப சம்பளம் கம்மி சிஸ்டர்” என்றான். வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெட்டியோடு நாற்காலி நாற்காலியாகப் போனான். முன்பின் தெரியாத கர்ப்பிணிகளெல்லாம் லட்டு வாங்கிக்கொண்டு வாழ்த்தினார்கள். ஒருத்தி, இந்த லட்டு ராசி எனக்கும் ஒட்டட்டும் என்று இரண்டாவது கேட்டு வாங்கினாள். அவள் தலையில் ஒரு குட்டு வைக்கவேண்டும் போலிருந்தது எனக்கு.

வீணா சுவரோரம் உட்கார்ந்தாள். ஆஞ்சலாக்கா லட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையின் போர்வையை விலக்கிப் பார்த்தார். கொழுகொழுவென்று, கையை மூடிக்கொண்டு நல்ல தூக்கம்.

“நல்லா இருக்காம்மா புள்ள.”

“ஆமா ஆன்ட்டி. இவன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ராவெல்லாம் தொல்லை பண்றதில்ல, நல்லா பால் குடிக்கறான்.” வீணா நிமிர்ந்து பார்த்தாள். பிரகாஷ் தூரத்தில் யாருக்கோ போனில் படம் காட்டிக்கொண்டிருந்தான். “லேபர் வார்டுல பையன்னு சொன்னாங்க. வெளியில அவர் கத்தினது உள்ள எனக்குக் கேட்டுச்சு. அவ்வளவு சந்தோஷமா ஒரு மனுஷன் கத்தி நான் கேட்டதில்ல. அப்பதான் தெரிஞ்சுது ஆன்ட்டி, பொண்ணுன்னு நினைச்ச நாலு மாசமும் அவர் அவளை ஏத்துக்கவே இல்ல. சகிச்சுட்டு இருந்திருக்கார்.”

அக்கா தலையை ஆட்டினார்.

“நான் ஒன்பது நாள் வீட்டை விட்டுப் போனேன். இவனுக்காக இல்ல, அவளுக்காக. பேர்கூட யோசிச்சு வெச்சிருந்தேன். இவனைக் கையில குடுத்ததும் மொதல்ல அவளைத்தான் தேடினேன். அவ எங்கன்னு.”

பிரகாஷ் அங்கிருந்து, “வீணா, கிளம்பலாமா?” என்று குரல் கொடுத்தான். சோனியா ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு தூக்கச் சொன்னாள். கையில் பெட்டி இருந்ததால் அவன் தூக்கவில்லை. “இரும்மா, அப்பா கையில ஸ்வீட் இருக்குல்ல” என்றான்.

வீணா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“அவ வராததே நல்லதுன்னு தோணுது ஆன்ட்டி. பெத்தவ எனக்கே அப்படித் தோணுதே, அதைத்தான் தாங்க முடியல.”